செல்லப்பாண்டி துண்டை வீசவில்லை

பரளச்சிக்குத் தெற்கே ஓடையோரம் கிடக்கிற ஆறு ஏக்கரும் செல்லப்பாண்டியின் சொந்தச் சம்பாத்தியம். அப்பன் வைத்துவிட்டுப் போனது அடுப்புச் சாம்பல்கூடக் கிடையாது. சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்று வாங்கின மண். வாங்கின கையோடு அந்தச் சீமைக்கருவேலையே தூரோடு தோண்டி எறிந்தார். நாட்டுக் கருவேலை மட்டும் விட்டுவைத்து, பறவை வந்து தங்கட்டும் என்று ஓடைக் கரையைத் தணித்துத் தண்ணீரை நிலத்துக்குள் பரவவிட்டார்.

"சோறு போட்ட மரத்த வெட்டிப்புட்டு, மொளகா வெளையுற மண்ணுல தண்ணிய நிப்பாட்டுறான் கிறுக்கன்" என்று ஊர் சிரித்தது.

தொண்ணூற்று மூன்று ஐப்பசி மழையில் நிலம் நிறைந்தது. மார்கழியில் கூழைக்கடாக்கள் வந்து கருவேலங்கிளைகளில் கூடு கட்டின. செல்லப்பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. "அம்புட்டுப் பெரிய கண்மாய விட்டுட்டு என் காட்டுக்கு வந்துருக்குலே! ஆளு பார்த்துத்தான் எறங்கியிருக்கு" என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னார்.

பங்குனியில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றியது. விராலும் கெளுத்தியும் துள்ளின. கூட்டில் குஞ்சுகளுக்கோ இன்னும் சிறகு முற்றவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரே ஊத்தாக்கூடையும் வலையுமாகக் கரைக்கு வந்துவிட்டது. தண்ணீர் வற்றினால் எல்லோரும் இறங்கி மீன் பிடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் உடையவன் துண்டை எடுத்து வீச வேண்டும். வீசும்வரை ஒரு கால் நனையக் கூடாது. இறங்கிவிட்டால் தாய்ப் பறவைகள் கலைந்துவிடும், குஞ்சுகள் மிரண்டு கீழே விழும்.

செல்லப்பாண்டி துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார்.

அவர் மனைவியின் அண்ணன் தனுஷ்கோடிதான் முன்னால் நின்றார். "மாப்ள, வெயிலு ஏறுது. வீசுமய்யா."

"குஞ்சு பறக்கட்டும் மச்சான்."

"பறவைக்குப் பந்தி வச்சுட்டு மச்சானப் பட்டினி போடுறீராக்கும்?"

"மீனு திங்காட்டி நீரு சாக மாட்டீரு. அது செத்துப்போகும்."

"இவரே பிடிச்சு டவுனுல விக்கப் போறாருப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்லப்பாண்டி எழுந்துவிட்டார். "ஏலே, எவன்லே அது? இந்தத் தண்ணி மீனு என் வீட்டுச் சட்டியில வெந்தா, ஊரு கூடி என் மூஞ்சியில கரியப் பூசுங்கலே. கரியும் நானே தாரேன்!"

உச்சி வெயிலில் வியர்வை கண்ணில் இறங்கியது. வேறு ஆளென்றால் துண்டை உருவித் துடைத்திருப்பான். உருவினாலே போதும், கூட்டம் பாய்ந்துவிடும். புறங்கையால் வழித்துக்கொண்டார். தனுஷ்கோடி வேண்டுமென்றே செம்புத் தண்ணீரை நீட்டினார். குடித்தார், வாயைக்கூடத் துடைக்கவில்லை.

பொழுது சாய, கூடைகள் ஒவ்வொன்றாகத் தோளேறின.

"இனிமே ஒம்ம வீட்டு விசேசத்துக்கு ஊரு வராது" என்றார் தனுஷ்கோடி.

"வராட்டிப் போங்க. சோறு மிச்சம்."

வீட்டில் மனைவி முத்துத்தாய் நெற்றியைத் தொட்டுப் பதறினாள். "ஏங்க, தல கொதிக்குதே!"

"கொதிக்கட்டும். மீன் கொளம்பு கொதிக்கலைல்ல?"

மறுநாளும் விடியும் முன்னே கரையில் போய் உட்கார்ந்தார். சித்திரையில் கடைசிக் குஞ்சு எழும்பி மேற்கே போகிறவரை, அந்தத் தண்ணீரில் ஒருத்தன் கால் நனையவில்லை. சும்மாவா!