அக்காவுக்குக் கொண்டுபோன கசாயம்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு மீன் கடையில் எனக்கு வேலை. காலையில் ஐஸை அள்ளிப் பரப்பி அதன்மேல் மீனை அடுக்குவதுதான் முதல் வேலை. அந்தக் குளிருக்கு என் விரல்கள் வேலைநிறுத்தம் செய்தன. முதலில் நுனி வெளுக்கும், பிறகு நீலமாகும், பிறகு விறைத்தே போய்விடும். கையில் கத்தி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் இரத்தம் சோதித்தார். பயப்பட ஒன்றுமில்லை, குளிருக்கு இரத்தக் குழாய் சுருங்குகிறது, கையுறை போடுங்கள் என்றார். ஐஸில் கை வைத்துப் பிழைப்பவனிடம் கையுறை போடு என்று சொல்வதற்கா இவ்வளவு காலம் படித்தீர்கள் என்று எனக்குக் கோபம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் கடையிலிருந்து நாலு கதவு தள்ளி ஒரு சீன மருந்துக் கடை. அங்கே இருந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் ஊர் நாட்டு வைத்தியப் பரியாரிமார் மாதிரியே மூன்று விரலால் நாடி பிடித்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேள்விகள். என்ன குளிசை மாத்திரை எடுக்கிறாய், பிரஷர் இருக்கிறதா, இதயத்தில் ஏதாவது கோளாறா, இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் எடுக்கிறாயா, டாக்டர் என்ன சொன்னார். கால் மணி நேரம் கேட்டார். மருந்தைத் தந்தால் நான் என் பாட்டில் போவேனே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்தும் போட்டேன்.

வேர், பட்டை, காய்ந்த சிவப்புப் பழம் என்று நாளுக்கு ஒரு காகிதப் பொட்டலம். அதை அவித்துக் குடிக்க வேண்டும். முதல் நாள் அவித்தபோது மனைவி மாடியிலிருந்து கத்தினாள்: “இஞ்சாருங்கோ, என்ன, பழைய தோல் சப்பாத்தையே அவிக்கிறியள்?”

ஒரு மாதத்தில் விரல்கள் கொஞ்சம் தேறின. மருந்தாலா, மனைவி வாங்கித் தந்து, ரப்பர் கையுறைக்குள் நான் போட்டுக்கொண்ட கம்பளிக் கையுறையாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று முதல் நானே பெரிய பரியாரி. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கசாயத்தின் மகிமையை வாய் ஓயாமல் அளந்தேன்.

வெஸ்ட் ஈலிங்கில் என் அக்கா இருக்கிறார். பல வருடங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் குளிசை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. இரத்தம் சோதிக்க அவரைக் காரில் கூட்டிப்போனதே பல தடவை நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில், வெறுங்காலோடு நின்றவர், “தம்பி, கால் விரல் எல்லாம் கட்டை மாதிரிக் கிடக்குது. நிக்க ஏலாமக் கிடக்குது” என்றார்.

“பொறுங்கோ அக்கா, நான் ஒரு சாமான் கொண்டுவாறன்” என்றேன்.

எங்கள் வீடுகளில் இது வழக்கம்தானே. யாருக்காவது தடிமன், காய்ச்சல் என்றால் இன்னொரு வீட்டிலிருந்து மல்லிக் கசாயம் பிளாஸ்கில் போகும். யாரும் கேள்வி கேட்பதில்லை. கசாயத்தை நாங்கள் மருந்தாகவே நினைப்பதில்லை, அது சமையலறைச் சாமான். குளிசைக்குத்தான் பயம். நான் சீனக் கடையில் இன்னும் பொட்டலங்கள் வாங்கினேன், எனக்கு என்று சொல்லி. ஒரு வாரம் வேலை முடிந்து பிளாஸ்கோடு ஈலிங்குக்கு ஓடினேன். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

அடுத்த ஞாயிறு காலை அத்தான் போன் பண்ணினார். பல் தீட்டியபோது வந்த இரத்தம் நிற்கவில்லை, மூக்காலும் வருகிறது, தொடையெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவின் மடியில் சிவந்த பஞ்சு குவிந்து கிடந்தது.

டாக்டர் ஒரு இளம்பெண். புதிதாக ஏதாவது மருந்து எடுத்தீர்களா, மூலிகை ஏதாவது என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். அத்தானும் இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், “நீ வாயைத் திறவாத தம்பி. உந்தக் கசாயக் கதையை எழுதி வச்சாங்களெண்டா, பிறகு எல்லாத்துக்கும் எங்களிலதான் பிழை எண்டுவாங்கள்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் போய் இரத்தச் சோதனை முடிவோடு திரும்பி வந்தார். இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போயிருக்கிறது, காரணம் தெரியவேண்டும் என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை. அப்போது அக்கா, “தலை இடிக்குது” என்றார். டாக்டரின் முகம் மாறிவிட்டது. மூளையில் இரத்தம் கசிந்திருக்கலாம், உடனே ஸ்கேன் என்று கட்டிலைத் தள்ளச் சொன்னார்.

அப்போதுதான் சொன்னேன். என்ன மூலிகை என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவளுக்கு ஒரு வாரமாக எதைக் குடிக்கக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது!

பொட்டலத்தில் இருந்த நம்பரை மனைவியிடம் கேட்டு வாங்கி அந்தச் சீன அம்மாவுக்குப் போன் அடித்தேன். கோபமெல்லாம் அவர் மேல்தான். என்ன நஞ்சைத் தந்தாய், என் அக்கா சாகக் கிடக்கிறாள் என்று வார்டு வாசலில் நின்று கத்தினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உன் அக்கா இரத்தத்துக்குக் குளிசை எடுக்கிறாளா என்று. ஓம் என்றேன். போனை டாக்டரிடம் கொடு என்றார். ஒவ்வொரு வேரின் பெயரையும் சொல்லி, இன்ன வேர் அந்தக் குளிசையோடு சேரக்கூடாது என்றும் சொன்னாராம்.

போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது கத்தியது அவர்தான். “உன்னிடம் நான் அத்தனை கேள்வி கேட்டேன். உனக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். நீ உன் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டாயா?” என்னைவிடக் கோபக்காரியை நான் அன்றுதான் சந்தித்தேன், அந்தக் கோபத்தில் துளிகூடப் பிழை இல்லை.

நல்ல காலம், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆறு நாள் எடுத்தது. அத்தானோடு வெகு நாள் நான் பேசவில்லை. பிறகுதான் உறைத்தது, அவர் என்ன என் வாயைப் பொத்தியா பிடித்தார்? மூடிக்கொண்டவன் நான். இன்னார் கொடுத்தது என்று வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் எனக்கும் வசதியாக இருந்தது.

இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் அக்கா என் தலையைத் தடவி, “நீ நல்லதுக்குத்தானே தந்தனி, விடடா” என்பார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்குகிறது. கசாயம் கொடுத்தது அவருடைய நல்லதுக்குத்தான், ஆனால் அவர் இரத்தம் ஒழுகக் கிடந்தபோது நான் பேசாமல் நின்றது யாருடைய நல்லதுக்கு என்பதை இன்றுவரை என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.