ஐந்தாவது பத்தி

நம்பினால் நம்புங்கள். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. கதை கட்டுகிற மனநிலையிலும் நான் இல்லை.

போன ஜனவரி பன்னிரண்டு. குளோஸ்டர் துறைமுகத்தில் காலையிலிருந்தே பனி. அன்று எங்கள் ஊர்க் கவிஞரின் நினைவு நாள். அவர் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதியதெல்லாம் சாவும் கல்லறையும்தான். ஆனாலும் எங்களுக்கு அவர்மேல் பைத்தியம். முதல் மனைவியின் சாவைப் பற்றி நான்கு பத்தியில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஓர் இடத்தில்கூட அழமாட்டார். அடுப்பு அணைகிறது என்பார், அவ்வளவுதான். படிக்கிற நாம்தான் அழுவோம்.

என் மனைவி கோரினுக்கு நுரையீரலில் கட்டி. பிழைப்பாளா என்பது மறுநாள் பரிசோதனை முடிவில் தெரிந்துவிடும். இந்தக் குளிரில் வெளியே போக வேண்டாம் என்றேன்.

"போடா கிழவா. கவிதை கேட்டா செத்துடுவேனா?" என்றாள்.

நூலகத்தின் கீழ் அறை. நாங்கள் இருவர், நூலகர் ஹெஸ்டர், மீன்படகுக்காரர் சில்வியோ. நான்கே பேர். விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கவிதையை ஆளுக்கொரு பத்தி மனப்பாடமாகச் சொல்வது எங்கள் வழக்கம். மனதைத் தொட்டால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவோம். தட்டினால் சொன்னவர் அதையே மறுபடி சொல்ல வேண்டும்.

சாயங்காலம் 4.50. விளக்கு அணைந்தது. ஹெஸ்டர் சொன்னாள். பிறகு சில்வியோ. பிறகு நான். கடைசிப் பத்தியைக் கோரின் இருமலோடு சொல்லி முடித்தாள். என் கடிகார முள் இருட்டில் ஒளிரும். 4.58.

அப்போது ஐந்தாவதாக ஒரு பத்தி கேட்டது.

பெண் குரல். கரகரப்பு. சாகக் கிடப்பவளே பேசுகிற வரிகள். கட்டிலில் இன்னும் இடமிருக்கிறது, இன்னொருத்தியை அனுப்பு என்று முடிந்தது. என்ன அழகு! கோரின் எழுதியது என்றே நினைத்தேன். அவளும் கவிதை எழுதுகிறவள்தான்; நோய் வந்தபின் ஒரு வரி எழுதியதில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

தட்டினேன்.

டக்... டக்...

குரல் மறுபடி சொன்னது. மெதுவாக... ரசித்து... கோரினின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

என் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"வெண்டல்... யாரு அது?"

"நீ இல்லையா?"

"நான் வாயே தொறக்கல."

விளக்கு எரிந்தது. நான்கே பேர். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"எதுக்குய்யா தட்டுன?" என்றார் சில்வியோ. அவர் முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. கட்டி மறைந்துவிட்டது என்றார் டாக்டர். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். அந்தக் குரல் கேட்ட நான்காம் நாள் கோரின் தூக்கத்திலேயே போய்விட்டாள். காரணம் எந்த டாக்டருக்கும் தெரியவில்லை.

மார்ச்சில் கவிஞரின் பழைய வீட்டுப் பரணில் அந்தக் கவிதையின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. என்னிடம் காட்டலாமா என்று ஹெஸ்டர் ஒரு வாரம் தவித்தாளாம். ஐந்தாவது பத்தி அதில் இருந்தது. அதே வரிகள். கோடு போட்டு அடித்திருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு:

"இதை நான் எழுதவில்லை. காதில் கேட்டது. அழகாக இருந்ததால் மறுபடி சொல்லச் சொன்னேன்."

கீழே தேதி. அதற்கு நான்காம் நாள்தான் அவருடைய இரண்டாவது மனைவி செத்துப்போனாள்.