சத்தம் நின்றுபோன கேசட்டு

பழைய விண்வெளிப் படம் ஒன்று புது வட்டாக வந்திருக்கிறது. வாங்கியவர்களின் கருத்துகளை நேற்று கைப்பேசியில் படித்தேன். "நடுவில் சத்தமே இல்லை, வட்டு கோளாறு" என்று ஒருவர் திட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குளுவாங்கில் அம்மா வீடியோ கேசட்டுக் கடை வைத்திருந்தார். சூடேறிய பிளாஸ்டிக்கும் ஊதுபத்தியும் கலந்து மணக்கும் கடை. கேசட்டைத் திருப்பித் தருகிறவர்கள் படம் எப்படி என்று சொல்லாமல் போக முடியாது. அம்மா அதைச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வைப்பார். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் எடுப்பார்.

இதே படத்தை ரெங்கம் தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர் கோபமாகக் கொண்டுவந்தார்.

"கேசட்டு ரோசாக் லா, அக்கா. ஆளு ராக்கெட்ட விட்டு வெளிய வந்ததும் சத்தம் நின்னுபோச்சு!"

அம்மா உடனே போட்டுப் பார்த்தார்.

"கேசட்டு நல்லாத்தான் இருக்கு, தம்பி. அங்க காத்தே இல்ல, சத்தம் எப்படி வரும்?"

டிரைவர் அதை மறுபடியும் பார்க்க எடுத்துப்போனார். தான் சொன்னதையே அம்மா சீட்டிலும் எழுதிவைத்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர்.

நேற்று அந்த வரியைத்தான் பதிலாகப் போட்டேன். "நீங்கள் அறிவியல் ஆசிரியரா?" என்று கேட்டார் திட்டியவர்.

"இல்லை, கேசட்டுக் கடைக்காரம்மாவின் மகள்" என்று எழுதினேன்.