பழைய லென்ஸும் மச்சினன் கேமராவும்

முப்பது வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தே காலத்தை ஓட்டிய ஸ்டூடியோக்காரருக்கு, உலகத்தில் ஒரே ஒருவனைக் கண்டால்தான் வயிறு எரியும். அவன் இவருடைய பெண்டாட்டியின் தம்பி. சட்டைப்பைக்குள் அடங்குகிற குட்டிக் கேமராவோடு திரிவான். நினைத்த இடத்தில் ஒரு க்ளிக். வீட்டுச் சுவரில் தொங்குகிற படம் அத்தனையும் அவன் எடுத்தது. ஊர் முகத்தையெல்லாம் படம் பிடித்தவருக்குச் சொந்த வீட்டில் ஓர் ஆணி கிடைக்கவில்லை. எரியாதா பின்னே?

அவருடைய லென்ஸோ அவருக்கும் மூத்தது. புதுக் கேமராவில் அதை ஒரு வளையம் போட்டு மாட்டியிருந்தார். கையால் திருகித் திருகித்தான் ஃபோகஸ் பார்க்க வேண்டும்; அதற்குள் எதிரே இருப்பவருக்குத் தாடி முளைத்துவிடும். ஆனால் படம் விழுந்தால் முகம் மட்டும் எழுந்து நிற்கும், பின்னாலிருப்பதெல்லாம் கரைந்துபோகும்.

அவர் மனைவி டீச்சர். அந்த மாதம் பணி ஓய்வு. பள்ளிக்கூட ஹாலில் மாட்ட ஒரு படம் கேட்டிருந்தார்கள். "தம்பியே எடுக்கட்டுமே, சட்டுனு முடிஞ்சிடும்" என்று அந்த அம்மாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்போ நான் என்ன, இத்தனை வருஷமா ஈ ஓட்டிட்டா இருக்கேன்?" என்று குதித்தார் ஸ்டூடியோக்காரர். "கூப்பிடு அவனை! ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி. ரெண்டு பேரும் எடுப்போம். எது நல்லா இருக்கோ அது போகட்டும்."

எடுத்தார்கள். இவர் முன்னால் நின்று திருகிக்கொண்டிருந்தார். மச்சினன் ஓர் எட்டுப் பின்னாலிருந்து ஒரு க்ளிக் தட்டிவிட்டான்.

இரண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் போட்டார்கள். இவர் படத்தில் டீச்சரின் காதோர நரையை இழை இழையாக எண்ணலாம். அவன் படத்தில் சுவர்க் காலண்டரின் தேதிகூடப் பளிச்.

"படமாடா இது? வீட்டுச் சாமான் லிஸ்ட்!" என்று கெக்கலித்தார்.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். இவர் படத்தில் டீச்சர் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி உம்மென்று இருந்தார். அவன் படத்தில் தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளும் தன் லென்ஸுக்குக் கிடைக்காத சிரிப்பு.

"என்னடா சொல்லி அவளைச் சிரிக்க வச்சே?"

"நான் வாயே திறக்கலை மாமா. நீங்க ஒத்தைக் கண்ணை மூடி, நாக்கைக் கடிச்சுக்கிட்டுத் திருகுவீங்களே, அதைப் பார்த்துத்தான் சிரிச்சா. அக்கா எப்பவுமே அப்படித்தான். 'அசையாதே'ன்னு நீங்க அதட்டினதும் வாயை மூடிக்குவா."

ஸ்டூடியோக்காரர் மச்சினன் படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். டீச்சரின் பார்வை கேமராவில் இல்லை. படத்தின் இடது ஓரத்தில் அவருடைய முழங்கையும் பாதி லென்ஸும் தெரிந்தன. பார்வை அங்கேதான் இருந்தது.

"சரி, இதுவே போகட்டும்" என்றார். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். "இந்த முழங்கையை மட்டும் வெட்டிடறேன். அசிங்கமா இருக்கு."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை வெட்டாதீங்க. அப்புறம் நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன்னு எப்படித் தெரியும்?"