வாசக்காலுக்கு ஆற்றுத் தங்கம்

அகளியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போதும் போதும் என்றாகிவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் அவ்வளவு குலுக்கல். என் மனைவிக்கு மட்டும் எங்கிருந்து தெம்பு வந்ததோ, ஜீப்காரரிடம் பவானி ஆற்றுப் பள்ளத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் புது வீட்டுக்கு வாசக்கால் நிறுத்தும்போது அடியில் பொட்டுத் தங்கம் போடுவது வழக்கம். ஊரே நகைக்கடையில் வாங்கிப் போடுகிறது. இவளுக்கு ஆற்றுத் தங்கம்தான் வேண்டுமாம். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கம் வெட்டிய இடம், இன்றும் மணலை அரித்தால் துளி கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை.

வீட்டையே எங்கள் ஒரே மகனுக்காகத்தான் தொடங்கினோம். அவன் போன வாரம் எனக்குப் போன் செய்து, கனடாவிலேயே வீடு வாங்கிவிட்டேன், இனி ஊருக்குத் திரும்புவதாக இல்லை என்றான். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று வேறு. வாசக்கால் நிற்பதற்குள் சொல்லி வேலையை நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் கூட வந்தேன். பஸ்ஸில் வாய் வரவில்லை.

பள்ளம் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்க, ஆறு அடியில் பச்சையாக ஓடியது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்பதுதான் என் கவலை. பாதி வழியில் பழைய சுரங்க வாய் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. உள்ளே வவ்வால் நாற்றம்.

கீழே ஒரு பெண் மரத்தட்டில் மணலை அலசிக்கொண்டிருந்தாள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் உச்சிக்கு வந்தபிறகு, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு மினுக்கம் தட்டின் ஓரத்தில் தேறியது. அந்தப் பெண் அதை வெற்றிலைத் துணுக்கில் ஒற்றிக் கொடுத்தாள்.

ஏறும்போது மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

“ஏம்புள்ள, பையன் இனி வரமாட்டானாம். அங்கயே ஊடு வாங்கிட்டானாம்” என்றேன்.

அவள் வெற்றிலையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“போன தீவாளிக்கே தெரியுமுங்க. அவன் பேச்சுலயே தெரிஞ்சுது.”

“அப்புறம் யாருக்கு இந்த ஊடு?”

“நமக்குத்தானுங்க. நாம இன்னும் இருக்கறமில்லீங்க?”

அவள் அழுவாள் என்று பயந்துதான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அழுதது நான்.