தலையில் ஒரு கட்டி, வாயில் இரண்டு சொல்

கூட்டம் கூட்டிப் பேசுகிறவனுக்குத் தொழில் கருவி தொண்டை ஒன்றுதான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கைகளில். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளின் வாசலில் முப்பத்தெட்டு வருடம் பேசினேன். என்னோடு கத்தியவர்களில் சிலர் இன்று காரில் போகிறார்கள். என்னைப் பார்த்தால் கண்ணாடியை இறக்குவதில்லை. என்னைப் போலக் கத்திக் கெட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படுத்தவர்கள்

போன கோடையில் காலையானால் தலைவலி, வாந்தி. உண்ணாவிரதம் இருந்து பழகிய உடம்பு, பித்தம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஆலை வாசல் மறியலில் பேசிக்கொண்டிருக்கும்போது வலது கை தானாக உதறியது. விழுந்துவிட்டேன். 'போலீஸ் வந்தால் நான் படுப்பேன், நீங்களும் படுத்துவிடுங்கள், தூக்கினாலும் எழக்கூடாது' என்று அன்று காலைதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். மறியலுக்கு வந்திருந்த நாற்பது பெண்களும் கரிசல் புழுதியில் என் பக்கத்தில் வரிசையாகப் படுத்துவிட்டார்களாம்.

என் வாயில் நுரை தள்ளுவதைக் கவனித்தவர், என்னைப் பலமுறை வேனில் ஏற்றிய ஏட்டையா. என் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னாராம்: "எல்லாரும் எந்திரிங்கம்மா, இவரு இன்னைக்கு நெசமாவே விழுந்துட்டாரு."

கையெழுத்து

நெல்லைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவு கட்டி, சுற்றிலும் வீக்கம். மறுநாளே அறுவை செய்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. கட்டி இருப்பது பேச்சுக்குரிய இடம். உயிர் தப்பினாலும் பேச்சு திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்கு அப்போதே நாக்கு குழறியது.

ஒப்புதல் தாளை என் மனைவி மாரியம்மாளிடம் நீட்டினார்கள். பசுவந்தனைக்காரி, தீப்பெட்டி அடைத்த கை. படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். அதை விடாமல் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் காத்து நிற்க, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை நர்ஸிடம் தமிழில் கேட்டாள். பேச்சு போகலாம் என்ற வரியில் விரல் நின்றுவிட்டது. அதை மட்டும் அடித்துவிட முடியுமா என்று கேட்டாள். முடியாதம்மா என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

பேனாவை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆளைத் திருப்பித் தாங்க போதும், பேச்சை நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு சொல்

அறுவை முடிந்து பிழைத்துக்கொண்டேன்; எடுத்த கட்டி புற்று இல்லை என்று தெரிந்தது. ஆனால் தண்ணீர் என்ற சொல் எனக்குள்ளே தெரிகிறது, வெளியே வரவில்லை. வந்தவை இரண்டே சொற்கள்: வாழ்க, ஒழிக. காபிக்கு வாழ்க, ஊசிக்கு ஒழிக. வார்டே சிரித்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். தேய்ந்த பழக்கச் சொற்கள் முதலில் வரும், மற்றவை பின்னால் வரலாம் என்றார் டாக்டரம்மா.

பையில் ஆப்பிளோடு ஆலை முதலாளி பார்க்க வந்தார். இருபது வருடப் பகை. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி 'ஒழிக' சொல்ல வாயைத் திறந்தேன். 'வாழ்க' என்று வந்தது.

அவர் என் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க நல்லபடியா எந்திரிச்சு வந்து மத்ததையே சொல்லுங்க."

பேர்

வீட்டு ஆட்களின் பெயரிலிருந்து பயிற்சியைத் தொடங்கச் சொல்லி அனுப்பினார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மேடையில் பெண்ணுரிமை பேசியவன், வீட்டில் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏட்டி'தான். பழகாத சொல் எப்படி வரும்? தினமும் காலையில் என் எதிரே உட்கார்ந்து அவளே தன் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாரக்கணக்கில் 'மா'வைத் தாண்டவில்லை.

ஒருநாள் அவள் அடுப்பில் கம்பங்கூழைக் கிண்டிக்கொண்டு நின்றாள். முதுகைப் பார்த்தபடியே முழுசாகச் சொல்லிவிட்டேன்: மாரியம்மா. அகப்பை நின்றது. அடுப்பை அணைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்: "இதுக்கு மண்டையத் தொறக்க வேண்டியிருந்திருக்கு பாருங்க."

முன்பு இரண்டு மணி நேரம் முழங்கிய கோரிக்கைகளை இப்போது பத்து நிமிடத்தில் திக்கித் திக்கிச் சொல்லி முடித்துவிடுகிறேன்; அதில் ஒன்றுகூட விட்டுப்போவதில்லை என்பதுதான், தோழர்களே, எனக்குக் கொஞ்சம் வருத்தம்.