மல்லிகாவின் விரல் படித்த ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

அறுபதுகளின் தொடக்கம். அல்சூர் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பார்வையில்லாத பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்துக் கற்பிப்பதற்கான பயிற்சிக்கு என்னை மட்டும் அனுப்பினார்கள். விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைத் தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால்தான் புள்ளிகள் விரலுக்குப் படும். பயிற்சி முடிந்து வந்து, பார்வையில்லாத மல்லிகாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தேன்.

அவளைச் சேர்த்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் படித்துக் காட்டாவிட்டால் அவளை நிறுத்திவிடுவோம், இனி எந்த ஆசிரியரையும் பயிற்சிக்கு அனுப்பமாட்டோம் என்றார் தலைமையாசிரியர். வாரக்கணக்கில் அழுது ஜெபித்தேன்.

இன்ஸ்பெக்டர் வரவிருந்த அன்று காலையில் மல்லிகாவின் அப்பா, நான் குத்திக்கொடுத்த பாடத் தாள்களோடு வந்தார். நீலசந்திராவில் இஸ்திரி போடுகிறவர்.

"மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சு டீச்சரம்மா. பெரிய சார் வர்றாரேன்னு நல்லா தேய்ச்சுக் கொண்டாந்தேன்."

தாள்கள் சலவைச் சட்டைபோல் இருந்தன. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. ஆசையாய்ச் செய்தவரிடம் என்ன சொல்வது?

இன்ஸ்பெக்டர் தாளைத் தடவினார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா. பொண்ணு மனப்பாடமா ஒப்பிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

மல்லிகாவை வெளியே அனுப்பிவிட்டு, 'ஊரில் நல்ல மழை' என்று என்னை எழுதச் சொன்னார். மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே குத்தினேன்.

மல்லிகா உள்ளே வந்து விரலை ஓட்டினாள். "கர்த்தாவே, இந்தப் பிள்ளையைக் கைவிடாதேயும்." தலையை நிமிர்த்தினாள். "எந்தப் பிள்ளைய, டீச்சர்?"

மழை தாளில் இல்லை. மனம் சொன்னதைக் கை எழுதிவிட்டது. எல்லாம் போயிற்று என்று தலைகுனிந்தேன்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது இது இல்ல. இந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லிக்குடுக்கவும் இல்ல. அப்போ நிஜமாவே படிக்குதும்மா" என்றார்.

நான் சரியாக எழுதியிருந்தால், அவர் சொன்னதை அவள் ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பாள் என்றுகூட நினைத்திருப்பார். மல்லிகா எங்கள் பள்ளியிலேயே படித்தாள். மறுவருஷம் வேறு ஆசிரியர்களும் பயிற்சிக்குப் போனார்கள்.

பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பயத்தோடேயே கர்த்தரிடம் போகப் பழகிவிட்டேன். நீங்களும் போங்கள். அன்று 'எந்தப் பிள்ளைய' என்று மல்லிகா கேட்டதற்கு அழுகைதான் வந்தது. இப்போது சொல்கிறேன். உன்னைத்தான் மல்லிகா. என்னையும்தான்.